ஹில்டா கூப்பிட்ட பெரட்டு

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில், தானாகத் திறந்து மூடும் ஆட்டோகேட் யார் வீட்டில் பாதியில் நின்றாலும் ஹில்டாவைத்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் பயந்துகொண்டேதான் கூப்பிடுவார்கள். வந்து, மோட்டார் மூடியைக் கழற்றி, உள்ளே எறும்பு கூடு கட்டியிருப்பதைக் கண்டால் போச்சு. "ஒரு வருசமா இத தொறந்தே பாக்கலியா? நீங்க குடியிருக்கீங்களா, இல்ல எறும்புக்கு வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று வீட்டுக்காரரை நிற்கவைத்துக் கேட்பாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் வேலை சுத்தம். அவள் கைவைத்த கேட் மறுபடி மக்கர் செய்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அப்பா யேசுதாசன் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஹில்டா கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி ஜோனதன் பெர்த்தில் குடியேறிவிட்டான். புந்தோங் வீட்டில் இப்போது அவள் மட்டும்தான்.

அவளுக்கு வானொலிப் பைத்தியம் பிடித்ததும் ஒரு கேட்டால்தான். நைஜல் என்பவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; நாலைந்து பேர் கொண்ட அமெச்சூர் வானொலிக் குழு ஒன்றை வைத்திருந்தார். அவர் வீட்டுக் கேட்டைச் சரிபார்க்க வந்தவள் கூரைமேல் நின்ற நீளக் கம்பியைப் பார்த்து, "இது என்ன சார், இடி வாங்குறதுக்கா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போய்க் கேட்கவைத்தார். எங்கோ சுமத்ராவிலிருந்து ஒரு மனிதர், ஈப்போவில் மழையா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், ஹில்டா கவிழ்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருடம் கழித்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி, வானொலியில் பேச உரிமமும் தனக்கென்று ஓர் அழைப்புக்குறியும் வாங்கினாள்.

இதெல்லாம் பொழுதுபோக்கு. இது எப்போது பொழுதுபோக்காக இல்லாமல் போனது என்பதுதான் கதை.

ஈப்போவுக்கு வடக்கே, செமோரைத் தாண்டி உள்ளே போனால் தொப்பிக்கிராணி தோட்டம் வரும். வெள்ளைக்காரன் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தான். அது இப்போது யாருக்கும் நினைவில்லை. எந்நேரமும் தொப்பியோடு திரிந்த ஒரு கிராணியின், கணக்குப்பிள்ளையின், பெயர்தான் நிலைத்துவிட்டது. பால்மரமெல்லாம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தாகிவிட்டது. வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. வேலைக்கு வெளியே போவார்கள், பேக்டரிக்கும் கடைக்கும். தோட்டத்துக்குள் போக ஒரே ஒரு பாலம். கனத்த மழை பெய்தால் ஆறு பாலத்தின்மேல் ஏறிவிடும், கரண்டு போகும், கொஞ்ச நேரத்தில் போன் கோபுரமும் படுத்துக்கொள்ளும்.

அங்கே குடியிருக்கும் புனிதா செமோரில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். பள்ளிக்கூடக் கேட்டைப் பழுதுபார்க்க ஹில்டா போயிருந்தபோது, தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள்.

"போன மழையில எங்க லயத்துக் கடைசி வீட்டுச் சீனி அண்ணே போயிட்டாருக்கா. பாத்ரூம்ல விழுந்துருக்காரு. யாருக்கும் தெரியல. அவங்கவங்க வீட்டுக்குள்ள தண்ணி. பக்கத்து வீட்டுக்காரங்க பாத்திருப்பாங்கன்னு நாங்க நெனச்சோம், நாங்க பாத்திருப்போம்னு அவங்க நெனச்சுட்டாங்க. தண்ணி வடிஞ்சப்பறம்தான் கதவ ஒடச்சோம்."

ஹில்டா யாரையும் திட்டவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தனியாக இருக்கும் வீட்டில் விழுந்து கிடந்தால் எத்தனை நேரம் கழித்துத் தெரியும் என்ற கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். கேட் ரிப்பேரை முடித்துவிட்டு நேரே நைஜல் வீட்டுக்குப் போனாள். "அந்தத் தோட்டத்துல இனிமே ஒரு ஆளு அப்பிடிப் போகக்கூடாது சார். அன்னிக்கு விழுந்தா அன்னிக்கே தெரியணும். வழி சொல்லுங்க," என்றாள்.

வழி இருந்தது. சின்னப் பெட்டி ஒன்று. உள்ளே ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி. வெளியே ஒரு கம்பி, மேலே ஒரு சூரியத் தகடு. போன் கோபுரமும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஒரு பெட்டி தன் காதில் விழுந்ததை அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். குரல் போகாது; இரண்டு வரி எழுத்து போகும். உயரமான இடங்களில் இப்படி நாலு பெட்டி வைத்துவிட்டால், கையடக்கப் பெட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் போனோடு அதைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அந்தக் குட்டிப் பெட்டிகளுக்குப் பரீட்சையும் தேவையில்லை என்று நைஜல் விசாரித்துவந்து சொன்னார். இதற்கு மெஷ் என்று பெயர் என்றார்.

"கோள்மூட்டுற பெட்டின்னு சொல்லுங்க சார், எல்லாருக்கும் புரியும்," என்றாள் ஹில்டா.

சொல்வது சுலபம். ஈப்போவுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் சுண்ணாம்புமலைகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். முதல் பெட்டி அவள் வீட்டுக் கூரையில். இரண்டாவது செமோரில் ஒரு தேவாலயத்து மணிக்கூண்டில். ஃபாதரிடம் அனுமதி வாங்கியதைவிட அங்கே குடியிருந்த புறாக்களிடம் வாங்கியதுதான் பெரும்பாடு. மூன்றாவது ஒரு குன்றின் இடுக்கில். அங்கே குரங்குகள் வாரத்துக்கொரு கம்பியைப் பிடுங்கின. கம்பியைத் தண்ணீர்க் குழாய்க்குள் மறைத்துவைத்த பிறகுதான் விட்டன. பெட்டிக்குள் எறும்பு புகாமல் அவள் ஒவ்வொரு துளையையும் மெழுகியதைப் பார்த்திருக்கவேண்டும். புந்தோங் வீட்டுக்காரர்களைக் கேட்ட கேள்வியைத் தன்னையே யாரும் கேட்க விடுவாளா?

நாலாவதைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கோபுரத்தில் வைக்கலாமென்று நைஜல் சொன்னார். ஹில்டா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "கலசத்துக்கு மேல பெட்டியா? எங்க சர்ச்சுல சிலுவைக்கு மேல வைக்க விடுவேனா நான்?" என்றாள். கோயில் தலைவர் காதுக்கு அந்தப் பேச்சு வந்ததும், பழைய ரப்பர் ஸ்டோரின் தண்ணீர்த் தொட்டியை அவரே காட்டிக்கொடுத்தார். உயரத்துக்கு உயரம், பார்வைக்குப் பார்வை. ஆனால் ஏணிப்படியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. கையுறை பேக்டரியில் வேலைசெய்யும் பவித்ரன், அந்த லயத்துக்காரன், முப்பது வயசு ஆள், "நான் ஏறுறேன்கா" என்றான். "ஒனக்குக் கட்டத் தெரியுமா? கயித்தப் புடி, அது போதும்," என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவளே ஏறினாள். கீழே லயமே நின்று பார்த்தது. மேலே போனதும் அவள் செய்த முதல் காரியம், கீழே நின்றவர்களை நிழலில் போய் நிற்கச் சொல்லி அதட்டியதுதான். சும்மா சொல்லக்கூடாது, மனுஷி மனுஷிதான்.

வீட்டுக்கு ஒரு குட்டிப் பெட்டி என்று கொடுத்து முடித்ததும், கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினாள். தினமும் பொழுது சாயும் நேரத்தில் அவள் ஈப்போவிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். அவரவர் பதில் எழுதவேண்டும். பதில் வராத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும். வானொலிக்காரர்கள் இப்படிப் பெயர் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் அதற்கு அவள் வைத்த பெயர்தான் எல்லாரையும் சிரிக்கவைத்தது.

"இதுக்குப் பேரு பெரட்டு," என்றாள்.

தோட்டத்துச் சனத்துக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. அந்தக் காலத்தில் விடியுமுன்னே களத்தில் வரிசையாக நின்று, வேலைவாங்கும் மண்டோர் பெயர் கூப்பிடக் கூப்பிடக் குரல் கொடுப்பார்களே, அதுதான் பெரட்டு. குரல் கொடுத்தவனுக்கு அன்றைக்குப் பேர் விழும், சம்பளம் உண்டு. குரல் வராதவனுக்கு இல்லை. ஹில்டா ஒருநாளும் பெரட்டுக்கு நின்றவள் அல்ல. அப்பா சொல்லக் கேட்ட சொல், நல்ல சொல் என்று எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நீதான் மண்டோரா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மாயாண்டி. மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார், ஆற்றோரம் வாத்து வளர்க்கிறார். வாய் கொஞ்சம் நீளம்.

"ஆமா அண்ணே. நீங்க பதில் போடலன்னா ஒங்க வாத்தப் புடிச்சு அடைச்சுடுவேன்."

பெரட்டு நன்றாகவே நடந்தது. எல்லாரும் "இருக்கேன்" என்று எழுதுவார்கள். மாயாண்டி மட்டும் அப்படி எழுதமாட்டார். "இன்னும் சாகல" என்பார். "ஒனக்கு வேற வேல இல்லியா" என்பார். ஒருநாள், "மாயாண்டி வீட்டில் இல்லை, வாத்து பேசுகிறது" என்று வந்தது. ஹில்டா படித்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள் என்பது அவளுக்கும் தெரியும்.

ஒரே ஒருநாள் அவர் பதில் போடவில்லை. பவித்ரன் மழையில் விழுந்தடித்து ஓடிப்போய்ப் பார்த்தால், மனிதர் டிவி முன்னால் உட்கார்ந்து பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹில்டா பொங்கிவிட்டாள். எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதினாள்: "ஒருத்தர் சோம்பேறித்தனத்துக்கு இன்னொருத்தர் மழையில ஓடணுமா? பதில் போடாதவங்க பெட்டியத் திருப்பிக் குடுத்துடுங்க." அதற்கப்புறம் ஒரு பெயர்கூட விடுபடாமல் பதில் வந்தது. திட்டு வேலைசெய்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

நவம்பரில் அந்தப் பெருமழை வந்தது. மத்தியானம் பிடித்தது, விடவில்லை. தோட்டத்துக்குப் போன் போகவில்லை. ஹில்டா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வழக்கத்தைவிட முன்னதாகவே பெரட்டைத் தொடங்கினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பெட்டிகள் நாலும் நின்றுபிடித்தன. பெயர் கூப்பிடக் கூப்பிடப் பதில் வந்தது. பாலம் முழுகிவிட்டது, வாசல்வரை தண்ணீர், ஆனால் எல்லாரும் நலம். மாயாண்டி பெயருக்கும் பதில் வந்தது.

"இருக்கேன். நன்றி."

எல்லாரும் வந்தாயிற்று. ஹில்டா காப்பியைக் கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குடிக்கப் பிடிக்கவில்லை. என்னவோ உறுத்தியது. மறுபடி போனை எடுத்துப் பார்த்தாள். மாயாண்டியாவது, நன்றி சொல்வதாவது!

"மாயாண்டி அண்ணே, இன்னிக்கு என்ன ரொம்ப மரியாத?" என்று எழுதினாள். பதில் இல்லை.

பவித்ரனுக்கு எழுதினாள். "மாயாண்டி அண்ணன பாத்தியா?"

"அவருதான் பேரு குடுத்துட்டாரேக்கா."

"கண்ணால பாத்தியான்னு கேட்டேன்."

ஒரு செய்தி குன்றைச் சுற்றி, மணிக்கூண்டைத் தொட்டு, அவள் கூரைக்கு வந்துசேரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரம் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. கடைசியில் வந்தது பவித்ரனுடைய பதில் அல்ல, புனிதாவுடையது. "அக்கா, கோச்சுக்காதீங்க. நான்தான் போட்டேன். அவரு வீட்டுல கரண்டு டிரிப் ஆயிருச்சுன்னு பெட்டியும் போனும் காலையில எங்க வீட்டுல சார்ஜ் போட்டுட்டுப் போனாரு. வீட்டுலதான் இருப்பாரு."

இருப்பார் என்று நினைத்துத்தான் சீனியையும் விட்டார்கள். "ஓடுங்க. எல்லாரும் ஓடுங்க. ஆத்தோரம் பாருங்க," என்று எழுதினாள். எழுதிவிட்டு, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். அவளால் வேறென்ன செய்யமுடியும்? அவள் இருப்பது புந்தோங்கில்.

வீட்டில் அவர் இல்லை. வாத்துக்களைத் திறந்துவிடப் போன இடத்தில் கரை சரிந்து, கூண்டின் கனத்த பலகை காலை அமுக்கிக்கொள்ள, மார்பளவு தண்ணீரில் ஒரு மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. பவித்ரனும் மற்றவர்களும் கயிறு கட்டி இறங்கி, பலகையைப் புரட்டித் தூக்கினார்கள். இன்னும் கொஞ்சம் இருட்டியிருந்தால் புதரே தெரிந்திருக்காது என்று பவித்ரன் பின்னால் சொன்னான். கரைக்கு வந்ததும் மாயாண்டி கேட்ட முதல் கேள்வி, "வாத்தெல்லாம் வந்துருச்சா?"

கால் எலும்பு முறிந்திருந்தது. வெளியே கொண்டுபோகவேண்டும். பவித்ரன் எழுதினான், ஹில்டா நைஜலுக்குப் போன் போட்டாள், நைஜல் தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாவுக்குச் சொன்னார். பாலம் வேண்டாம், செம்பனைக் காட்டுப் பின்பக்கப் பாதை மேட்டில் இருக்கிறது, அங்கே டிராக்டரில் கொண்டுவந்து விடுகிறோம் என்று தோட்டத்திலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தது. ஒவ்வொரு வரியையும் ஹில்டா வாங்கி நைஜலுக்குக் கொடுத்தாள். "வண்டி வந்துருச்சு. ஏத்தியாச்சு," என்ற வரி வந்தபோதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் ஹில்டா தோட்டத்துக்குப் போனாள். லயமே வாசலுக்கு வந்து நின்றது. புனிதாவுக்கு இன்றைக்குக் கச்சேரி என்று எல்லாருக்கும் தெரியும். புனிதா கதவருகே நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஏன் புனிதா அப்பிடிப் போட்ட?"

"ஆப்சென்ட் ஆவக்கூடாதுன்னுதான்கா. அவரு பதில் போடலன்னா நீங்க மறுபடி திட்டுவீங்க, பெட்டியப் புடுங்கிடுவீங்கன்னு. எங்க அம்மா காலத்துல பெரட்டுல அப்பிடித்தான். யாராச்சும் ஒடம்பு முடியாம வரலன்னா, பக்கத்து நெரையில மரம் வெட்டுறவங்க அவங்க பேருக்கும் சேத்துக் குரல் குடுத்துடுவாங்க. ஒருத்தருக்குப் பேரு போகுதுன்னா நாங்க சும்மா நிக்கமாட்டோம். நீங்க பெரட்டுன்னு சொன்னீங்களா... வாய் தானா குடுத்துருச்சு."

சுற்றி நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டு வாங்கிய பிறகு ஒரு பெயர்கூட விடுபடாமல் பதில் வந்ததன் ரகசியம் ஹில்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. லயம் முழுக்க ஒருவர் பெட்டியில் இன்னொருவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரை நோவது? மண்டோருக்குப் பயந்து, பக்கத்து ஆளைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தது அவள். மண்டோர் மாதிரிக் கத்தியதும் அவள்.

கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்தச் சனத்தின்மேல் ஆசையாக இருந்தது. ஒருவருக்காக ஒருவர் குரல் கொடுக்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டு, தனித்தனியாக ஆளுக்கொரு பதில் கேட்டது எத்தனை மடத்தனம்!

"அழுவாத. தப்பு ஒம்மேல இல்ல, நான் கேட்ட கேள்வி மேலதான்," என்றாள். "இனிமே யாரும் அவங்கவங்க பேருக்குப் பதில் போடக்கூடாது. அடுத்த ஆளு பேருக்குத்தான் போடணும். ஆனா அன்னிக்குக் கண்ணால பாத்திருக்கணும். பாக்காம போட்டா, அப்பத்தான் திட்டுவேன் லா."

கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் பொழுது சாயப் புதுப் பெரட்டு தொடங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது. பவித்ரன் வேலைக்குப் போகுமுன் கோயில் தலைவரைப் பார்த்திருந்தான். கோயில் தலைவர் புனிதாவைப் பார்த்திருந்தார். புதிதாக வரிசையில் சேர்ந்துகொண்ட நைஜல் ஃபாதரைப் பார்த்திருந்தார். புனிதா கேண்டீன் வேலை முடிந்ததும், மாயாண்டியின் பெட்டியையும் போனையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஈப்போ ஆஸ்பத்திரிக்கே போயிருந்தாள். "மாயாண்டி அண்ணன பாத்தேன். கால்ல இரும்பு வச்சிருக்காங்க. வாய்க்கு ஒண்ணும் ஆகல," என்று எழுதினாள்.

எல்லாப் பெயரும் வந்துவிட்டது. பெரட்டு முடிந்தது என்று ஹில்டா எழுதி அனுப்பினாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒரு வரி வந்தது. "பெரட்டு இன்னும் முடியல. ஹில்டாவ யாரு பாத்தது?"

அன்றைக்கு அவளை யாரும் பார்க்கவில்லை. முதுகு வலி என்று வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து படுத்திருந்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதினாள். தன் பெயருக்குத் தானே பதில் போடக்கூடாது என்று நேற்று சொன்ன வாய் யாருடையது? அழித்துவிட்டாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வியை அவளைப் பற்றி யாரும் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

பிறகு பவித்ரன் எழுதினான். "இப்பதான் ஷிப்ட் முடிஞ்சுது. ஈப்போலதான் இருக்கேன். வாரேன்."

மோட்டார்சைக்கிள் சத்தம் சந்துக்குள் வந்து நின்றது. ஹில்டா முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். பவித்ரன் மழைச்சட்டையோடு நின்றான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இதுக்காகவா மழையில வந்த? அறிவிருக்கா ஒனக்கு?"

"கண்ணால பாக்கணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டான். பிறகு திரும்பி, போன் நனையாமல் குனிந்து எதையோ எழுதினான். ஹில்டாவின் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"ஹில்டா அக்கா இருக்காங்க. பாத்தேன்."

அவன் எதிரிலேயே நிற்க, அவள் அதை மறுபடி மறுபடி படித்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.